பொன்னாயி செய்த புட்டி

நாச்சிமுத்து ஒரு மணி நேரத்தில் எழுநூறு கோழிக்குஞ்சுகளுக்குக் கண்ணில் மருந்து விடுவார். குஞ்சை இடது உள்ளங்கையில் சாய்த்து, கட்டைவிரலால் தலையைப் பிடித்து, ஒரே ஒரு சொட்டு. குஞ்சு கண்ணைச் சிமிட்டும் வரை கீழே விடக்கூடாது. சிமிட்டினால்தான் மருந்து உள்ளே போயிருக்கிறது. பிறகு அடுத்த குஞ்சு. நாமக்கல், புதுச்சத்திரம், சேந்தமங்கலம் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் முப்பது வருடமாக அவருக்கு இதுதான் தொழில். அவரோடு எட்டுப் பேர் போவார்கள். பண்ணைக்காரர்கள் அந்தக் குழுவை ‘நாச்சிமுத்து செட்டு’ என்பார்கள்.

எனக்கு அவரைத் தெரிந்தது ஒரு வழக்கால். சேலத்தில் நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். தமிழில் இருக்கும் வாக்குமூலங்களை நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். கோழித் தடுப்பு மருந்து தயாரிக்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள், மருந்து விடும் ஒரு கைக்கருவியின் காப்புரிமைக்காகச் சென்னையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் பெயர்களை இங்கே எழுத முடியாது. நாச்சிமுத்து சொல்வது போலவே சொல்கிறேன். மருந்து கொண்டுவரும் குளிர்சாதன வண்டியின் நிறத்தை வைத்து, ஒன்று அவருக்கு நீல வண்டிக் கம்பெனி. மற்றது வெள்ளை வண்டிக் கம்பெனி.

காப்புரிமை நீல வண்டியிடம் இருந்தது. அதேபோல் ஒரு கருவியை வெள்ளை வண்டி விற்க ஆரம்பித்ததும் நீல வண்டி வழக்குப் போட்டது. அந்தக் கருவி ஒன்றும் புதிதல்ல, காப்புரிமை கேட்பதற்கு முன்பே நாமக்கல் பண்ணைகளில் புழக்கத்தில் இருந்தது என்று காட்டினால் வெள்ளை வண்டி தப்பித்துவிடும். அதற்குச் சாட்சி தேடி வந்தவர்கள்தான் நாச்சிமுத்துவைக் கண்டுபிடித்தார்கள்.

அவருக்கு அந்த வழக்கில் வேண்டியது வேறு. அந்தக் கருவியை முதன்முதலில் செய்தவர் அவருடைய மனைவி பொன்னாயி. அது ஏதாவது ஒரு கோர்ட்டுக் காகிதத்தில் ஏற வேண்டும். அவ்வளவுதான். அப்போது பொன்னாயி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

வாக்குமூலத்துக்காகப் பல நாட்கள் அவரோடு உட்கார்ந்து பேசியதில் அவர் கதை எனக்குத் தெரியவந்தது. பதினேழு வயதில் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் லாரியில் சேர்ந்து, போர்வெல் போடுவதற்காக மத்தியப் பிரதேசம் வரை போனவர். அங்கே குழாய் விழுந்து இடது காலில் இரண்டு விரல் போயிற்று. ஊருக்குத் திரும்பி ஒரு பண்ணையில் தீவனம் கொட்டினார். மருந்து விடும் ஆள் ஒருநாள் வராமல் போக, புட்டியை இவர் கையில் கொடுத்தார்கள். அப்படித்தான் தொடங்கியது.

பொன்னாயிக்கு ஊர் குமாரபாளையம். விசைத்தறியில் நூல் அறுந்தால் ஓடும் தறியிலேயே முடிச்சுப் போடுகிற விரல்கள். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே கணவரோடு பண்ணைக்குக் கிளம்பிவிட்டார்.

கண் மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. சூடு பட்டால் செத்துவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பாக்கெட்டுகள் அடுக்கி, அதற்குள் வைத்துத்தான் கொண்டுவருவார்கள். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆனால் விடும்போது புட்டி கையில் இருக்கிறது. சித்திரை மாதத்தில் ஷெட்டுக்குள் நாற்பது டிகிரி. அதோடு கைச்சூடும் சேர்ந்துகொள்ளும். 2012 கோடையில் பொன்னாயி ஒருநாள் கேட்டார்.

“ஏனுங்க, அவ்வளவு தூரத்துலிருந்து ஐஸ்ல வெச்சுப் பத்திரமாக் கொண்டாந்து, கடைசீல நம்ம கையில வேக வெச்சு ஊத்தறமல்லங்க?”

“அதுக்கென்ன, கையக் கழட்டி வெச்சுட்டா ஊத்த முடியும்?” என்று கேட்டிருக்கிறார் நாச்சிமுத்து.

பொன்னாயி கையைக் கழற்றவில்லை. குளிர்ச்சி போன ஜெல் பாக்கெட்டை வெட்டி, உள்ளே இருந்ததை வழித்து எடுத்தார். மருந்துப் புட்டியைவிடப் பெரிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் கழுத்தை அறுத்து, அதற்குள் மருந்துப் புட்டியை இறக்கி, நடுவில் ஜெல்லை நிரப்பி, வாயைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுகக் கட்டினார். ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்தால் இரண்டு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். முதல் மூன்று புட்டிகள் ஒழுகின. செட்டில் இருந்த பெண்கள், “பொன்னாயக்கா குஞ்சுக்குக் கூழு ஊத்தறா” என்று சிரித்தார்கள். நான்காவது புட்டி ஒழுகவில்லை.

முனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் சாய்வாக வெட்டிச் செருகியதும் அவர்தான். அதனால் எல்லாச் சொட்டும் ஒரே அளவாக விழுந்தது. அதற்கு முன் ஆயிரம் குஞ்சுக்கான புட்டி தொள்ளாயிரத்துச் சொச்சத்திலேயே தீர்ந்துபோகும். பொன்னாயியின் புட்டி ஆயிரம் குஞ்சுக்கும் வந்தது. எட்டுப் பேருக்கும் எட்டுச் செய்து கொடுத்தார். தேய்ந்ததைப் பண்ணைக் குழியிலேயே எரித்துவிட்டுப் புதிதாகச் செய்வார். ஒரு பண்ணையில் வீணானதை வெளியே எடுத்து வரக்கூடாது என்பது நோய் பரவாமல் இருக்க அங்கே எல்லாரும் காக்கும் விதி. அதனால் அவர் செய்த பழைய புட்டி ஒன்றுகூட இன்று இல்லை.

இவர்கள் மருந்து விட்ட பண்ணைகளில் குஞ்சுகளின் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. நீல வண்டிக் கம்பெனியின் கால்நடை டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வைகாசியில் நேரில் வந்தார். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று வேண்டும் என்றார். பொன்னாயி துடைத்து, புதுத் துணியில் சுற்றிக் கொடுத்தார். புரட்டாசி பிறக்கும் முன் நீல வண்டிக் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டது. அது இவர்களுக்குத் தெரியாது.

தை மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கம்பெனி மருந்து விடுபவர்களுக்கெல்லாம் ஒரு கூட்டம் போட்டது. பிரியாணியும் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். டாக்டர் நாச்சிமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, “இந்த முறையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

நாச்சிமுத்து சொன்னார்: “எங்களுக்கு என்னங்க தெரியும். எல்லாம் டாக்டர் ஐயா சொல்லிக் குடுத்ததுதானுங்க.”

எங்கள் பக்கத்தில் இது எல்லாரும் சொல்வதுதான். பண்ணைக்காரர் வந்து குஞ்சு நன்றாக வந்திருக்கிறது என்றால், “உங்க ராசிங்க” என்பார்கள். வீடு கட்டிய கொத்தனாரை மெச்சினால், “நீங்க சொன்னபடி வெச்சமுங்க” என்பார். சால்வை போர்த்தியவர் பக்கத்தில் நிற்கும்போது இது நான் செய்தது என்று சொல்வது மரியாதை இல்லை. கேட்பவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்வது கிடையாது. கம்பெனி ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரர் மட்டும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பொன்னாயி, “நல்லாத்தான் பேசுனீங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நா பண்ணுனதுன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா வாய் வலிச்சிருக்குமுங்களா?” என்றார்.

“அத்தனை பேருக்கு முன்னால நின்னு எம்பட பொண்டாட்டி பண்ணுனான்னு பீத்திக்கச் சொல்றயா?”

பொன்னாயி டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகும் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் கயல்விழி அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். இப்போது ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை.

2019-ல் காப்புரிமை கிடைத்ததும் நீல வண்டி கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மருந்துப் பெட்டியோடு ஒரு நோட்டீஸும் வந்தது. அதில் கருவியின் படம், பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தவராக டாக்டரின் படம். பொன்னாயிக்கு அப்போது சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நோட்டீஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம்.

“அட, ஜெல்லுதான் வெச்சிருக்காங்க. மூடி நம்முளுத விட நல்லாருக்குது.”

கயல்விழிக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. “அம்மா பேரச் சொல்ல உங்க வாய்க்கு என்னங்கப்பா வந்துச்சு அன்னைக்கு?” என்று கத்தினாராம். மறு வருடம் பொன்னாயி இறந்தார். காரியம் முடிந்த பிறகு வீட்டுக்கு மகள் வருவது குறைந்துபோயிற்று. போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். அதற்கு மேல் பேச்சு நீளாது.

வெள்ளை வண்டிக் கம்பெனிக்காகச் சேலத்தில் வேலை செய்த வக்கீல் நந்தகுமார் வாக்குமூலத்தைத் தயார் செய்தபோது நான் கூடவே இருந்தேன். அவர் எழுதியதில், ‘இத்தகைய கருவி மருந்து விடும் குழுக்களிடையே பரவலாகப் புழக்கத்தில் இருந்தது’ என்று ஒரு வரி இருந்தது. படித்துக் காட்டியதும் நாச்சிமுத்து நிறுத்தினார்.

“பொன்னாயி பண்ணுனதுன்னு எழுதுங்க.”

“ஆரு பண்ணுனாங்கங்கிறது நமக்கு முக்கியமில்லீங்கண்ணா. எப்பப் பண்ணுனாங்கங்கிறதுதான் கேசு.”

“எனக்கு அது ஒன்னுதானுங்க கேசு. அது இல்லீன்னா நா எதுக்குங்க வரோணும்? குஞ்சு வேலை கெடக்குது.”

நந்தகுமார் சிரித்துவிட்டு எழுதினார். நான்காவது பத்தியில் பொன்னாயியின் பெயர் ஏறியது. நாச்சிமுத்து அந்த வரியை மட்டும் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். படித்தேன். பெயர் வரும் இடத்தில் தலையை ஆட்டினார்.

“இத பாப்பா படிச்சுதுன்னாப் போதுமுங்க அம்மிணி,” என்றார். கயல்விழியைத்தான் பாப்பா என்பார்.

வாக்குமூலம் கொடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் அது நிற்காது. 2024 ஜூலையில், நீதிமன்றம் நியமித்த ஆணையர் ஒருவர் சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு ஓட்டல் அரங்கில் சாட்சியத்தைப் பதிவு செய்தார். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கயல்விழியும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அப்பா திரும்பிப் பார்த்தார். மகள் குடை மடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

நீல வண்டியின் சார்பில் சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும். இவர் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நடுவில் என் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது.

“இன்று காலை உங்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தது எதிர்த் தரப்புக் கம்பெனியா?”

“ஆமாங்க. நாலு இட்லி, ஒரு வடைங்க.”

“அதற்காகத்தான் சாட்சி சொல்ல வந்தீர்களா?”

“வடை நல்லால்லீங்க. அதுக்காக வரமுடியாதுங்க.”

ஆணையரே சிரித்துவிட்டார். முதல் ஒரு மணி நேரம் இப்படியே நன்றாகப் போயிற்று. ஜெல்லை எப்படி எடுத்தார், ரப்பரை எத்தனை சுற்றுச் சுற்றினார், எந்தப் பண்ணை, எந்த மாதம் என்று எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலிலும் பொன்னாயியின் பெயரைச் சொன்னார். சொல்லிச் சொல்லிக் குரல் நிமிர்ந்திருந்தது.

பிறகு அந்த வழக்கறிஞர் மடிக்கணினியைத் திருப்பி வைத்து ஒரு வீடியோவை ஓட விட்டார்.

கல்யாண மண்டபம். சால்வையோடு பதினொரு வயது குறைந்த நாச்சிமுத்து. மைக். “எங்களுக்கு என்னங்க தெரியும். எல்லாம் டாக்டர் ஐயா சொல்லிக் குடுத்ததுதானுங்க.”

கைதட்டல் கேட்டது. காமிரா மெல்லக் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசையில், மடியில் டிபன் பாக்ஸோடு பொன்னாயி. எல்லாரையும் போல அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி இருக்கும். பிறகு காமிரா நகர்ந்துவிட்டது.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கயல்விழி எழுந்து நின்றிருந்தார்.

“இன்னொருக்காப் போடுங்க,” என்றார். “எங்கம்மாங்க அது. அம்மா அசையறாப்புல எங்ககிட்ட ஒரு படமும் இல்லீங்க. ஒருக்காப் போடுங்க.”

சாட்சியைத் தவிர மற்றவர்கள் பேசக்கூடாது என்று ஆணையர் மென்மையாகச் சொன்னார். வீடியோவில் பேசியதை மொழிபெயர்க்கும்படி என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எல்லாம், டாக்டர் ஐயா, சொல்லிக் கொடுத்தது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் நேரான சொற்கள் இருக்கின்றன. இப்படித்தான் இங்கே பேசுவார்கள், இது வணக்கம் சொல்வதைப் போல என்று விளக்க எனக்கு உரிமை இல்லை. ஆணையர் தட்டச்சு செய்ய வைத்தார்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் நந்தகுமார் நாச்சிமுத்துவின் தோளில் கை வைத்தார்.

“அண்ணா, ஒன்னும் கெட்டுப் போகல. டாக்டரு எழுதிக் குடுத்தாரு, அதத்தான் சொன்னேன்னு சொல்லீருங்க. இப்படிச் சொல்லச் சொன்னாரு, இல்லீன்னா வேலை குடுக்கமாட்டேன்னாருன்னு சொல்லுங்க. ஆரு போயி இல்லீன்னு சொல்றது?”

நாச்சிமுத்து தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் சென்னை வழக்கறிஞர் அதைத்தான் கேட்டார். அப்படிப் பேசும்படி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?

“ஆரும் சொல்லச் சொல்லலீங்க. நானாத்தான் சொன்னனுங்க.”

நந்தகுமார் பேனாவை மேசையில் போட்டார்.

“அப்படியானால் அன்று சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா?”

“அன்னைக்குச் சொன்னது மரியாதைக்குங்க. இன்னைக்குச் சொல்றது நெசமுங்க.”

“மரியாதைக்காகப் பொய் சொல்வீர்கள். இன்று யாருக்கு மரியாதை செய்கிறீர்கள்?”

நான் தமிழில் கேட்டேன். நாச்சிமுத்து என்னைப் பார்த்தார், கேள்வி என்னுடையது போல. “எம்பட ஊட்டுக்காரிக்குங்க,” என்றார். “அவதான் பண்ணுனா. பொன்னாயிங்க. எம்பட பொண்டாட்டி பொன்னாயி பண்ணுனது.” கேள்விகள் முடிந்தன என்று அந்த வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, நந்தகுமார் சொன்னபடி ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

“அன்னைக்கு ஒரு பொய்யச் சொல்லித்தானுங்க இத்தனையும். மறுக்காவும் அவ விசயத்துல ஒன்னு சொல்லோணுமுங்களா?” என்றார். கயல்விழி எங்களுக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். ராசிபுரம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார். ஏறும்போது அப்பாவிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு வரும் என்று காத்திருந்தோம். மாதத்துக்கு ஒருமுறை நாச்சிமுத்து போன் செய்வார். “ஏதாச்சுந் தெரிஞ்சுதுங்களா அம்மிணி?” நான் நந்தகுமாரிடம் கேட்டுச் சொல்வேன்.

2025 மாசியில் இரண்டு கம்பெனிகளும் சமரசம் செய்துகொண்டன. காப்புரிமை நீல வண்டியிடமே இருக்கும். வெள்ளை வண்டியும் அந்தக் கருவியைச் செய்யலாம். பதிலுக்கு வெள்ளை வண்டி தன்னிடம் இருக்கும் வேறொரு காப்புரிமையை நீல வண்டிக்குத் திறந்துவிடும். இருதரப்புச் சாட்சியங்களும் இனிப் பார்க்கப்பட மாட்டா. ஆவணங்கள் அவரவரிடம் திரும்பிப் போகும். ஒப்பந்தம் பதினேழு பக்கம். ஒரு பகுதியைத் தமிழாக்க வேண்டியிருந்ததால் முழுவதையும் படித்தேன். பொன்னாயியின் பெயரைத் தேடித்தான் படித்தேன்.

போனில் சொல்ல மனமில்லை. சேந்தமங்கலத்துக்குப் போனேன். ஒரு பண்ணையில் வேலையாக இருந்தார். வெளியாட்கள் உள்ளே போக முடியாது என்பதால் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன். தலையில் துண்டோடு வந்தார்.

“செயிச்சது ஆருங்க?”

“யாரும் இல்லைங்க. ரெண்டு பேரும் ஒத்துப் போயிட்டாங்க.”

“செரி. அது ஆரு பண்ணுனதுன்னு என்ன எழுதியிருக்காங்க?”

“அதைப் பத்தி ஒன்னும் எழுதலைங்க.”

“நா சொன்னது?”

“அதை இனி யாரும் பார்க்கமாட்டாங்க.”

கதவுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் கையில் நீல மருந்துச் சாயம் ஒட்டியிருந்தது. “எத்தன பக்கமுங்க?” என்று கேட்டார். சொன்னேன்.

“பதினேழு பக்கத்துல ஒரு எடத்துலயுமுங்களா?”

“இல்லைங்க.”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “மருந்து கலந்தாச்சுங்க,” என்றார் நாச்சிமுத்து. “ரெண்டு மணி நேரந்தான். நா போகோணும். பாப்பாகிட்ட நீங்களே சொல்லீருங்க, அம்மிணி.” உள்ளே போனார். கம்பெனிக் கருவியை அவர் வாங்கவில்லை. பொன்னாயியின் புட்டியைச் செய்தால் வழக்கு வரும் என்று பண்ணைக்காரர்கள் பயந்தார்கள். அதனால் சாதாரணப் புட்டிகள் இரண்டை மாற்றி மாற்றி ஐஸில் வைத்து எடுக்கிறார்கள். மணிக்கு எழுநூறு போய் இப்போது நானூறு குஞ்சுதான் ஆகிறது.

ராசிபுரத்துக்குப் போன் செய்தேன். கயல்விழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அந்த வீடியோ?”

“அதையும் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

“அப்பா என்னுங்க சொன்னாரு?”

“ஒன்னும் சொல்லலைங்க. மருந்து கலந்தாச்சுன்னு உள்ள போயிட்டாரு.”

“அன்னைக்குச் சேலத்து ஓட்டல்ல அத்தன பேருக்கு முன்னால அவரு வாயில எங்கம்மா பேரு வந்துச்சல்லங்க,” என்றார் கயல்விழி. “நான் கேட்டனுங்க. எங்கம்மாதான் கேக்குல.”

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.